பசியாறியாச்சா?

காலை உணவுக்கு நம் நாட்டுத் தமிழர்கள் ஒரு நல்ல சொல் வைத்திருக்கிறோம். தமிழ்நாட்டில் 'டிபன் ஆச்சா?' என்பார்கள். நாம் 'பசியாறியாச்சா?' என்போம். தோட்டப்புறத்திலிருந்து பட்டணத்து அடுக்குமாடி வரை இந்தச் சொல் நம்மோடு வந்துவிட்டது. புண் ஆறுவது போல, கோபம் ஆறுவது போல, பசியும் ஆற வேண்டிய ஒன்று என்று யாரோ ஒரு பாட்டிக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் அம்மா தொலைபேசியில் இந்தக் கேள்வியைக் கேட்டபோதெல்லாம் நான் பொய்யே சொல்லி வந்தேன்.

இவ்வாண்டிதழுக்குக் கட்டுரை கேட்ட செயற்குழுத் தோழர்கள் 'இலக்கியத்தில் உணவு' என்று தலைப்புக் கொடுத்தார்கள். உணவைப் பற்றி எழுதுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். இலக்கியம் ஒரே ஓர் இடத்தில்தான் வரும், பொறுத்தருள்க. நம் பேரவை உறுப்பினர்களில் யாராவது ஒருவர் இப்போது விடுதி அறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு நான் இருந்தது போல இருக்கக்கூடும். அவருக்காகவும் அவருடைய அறைத்தோழருக்காகவும் எழுதுகிறேன்.

ஆங்கிலத்தில் 'ஈட்டிங் டிஸார்டர்' எனப்படுவதை இங்கே உண்ணல் கோளாறு என்று குறிப்பிடுகிறேன். இச்சொல்லைக் கேட்டதும் எலும்பும் தோலுமான ஓர் உருவம் நம் கண்முன் வருகிறது. எனக்கும் அப்படித்தான் வந்தது. கண்ணாடியில் பார்த்தேன், நான் எலும்பும் தோலுமாக இல்லை, ஆகவே எனக்கு நோய் இல்லை என்று முடிவு செய்தேன். பலர் தவறுவது இந்தக் கணக்கில்தான்.

மெலிந்துகொண்டே போகும் வகைக்கு அனோரெக்சியா என்று பெயர். 1873-இல் லண்டனில் வில்லியம் கல், பாரிஸில் சார்ல்ஸ் லாசேக் ஆகிய இரு மருத்துவர்கள் தனித்தனியே இதனை விவரித்தார்கள். கிரேக்கத்தில் இச்சொல்லுக்குப் 'பசியின்மை' என்பது பொருள். பெயரே பிழையானது! நோயாளிக்குப் பசி இருக்கிறது. எடை கூடிவிடுமோ என்ற அச்சம் அந்தப் பசியை அடக்கி வைக்கிறது. மனநோய்களில் மிக அதிகமாக உயிரைப் பறிப்பவற்றுள் இதுவும் ஒன்று. இரண்டாவது வகை புலிமியா. 1979-இல் லண்டன் மருத்துவர் ஜெரல்ட் ரஸல் இதைத் தனி நோயாக இனங்கண்டார். குறுகிய நேரத்தில் கட்டுப்பாடின்றி அளவுக்கு மீறி உண்பது, பிறகு அச்சத்தில் அதனை ஈடுகட்ட வாந்தி, பட்டினி, மிகையான உடற்பயிற்சி என்று ஏதேனும் ஒன்றில் இறங்குவது. ஈடுகட்டாமல் உண்பது மட்டும் நிகழ்ந்தால் அது மூன்றாவது வகை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 2013-இல்தான் அதற்குத் தனி இடம் கொடுத்தது. பின்னிரண்டு வகையினர் பெரும்பாலும் சராசரி எடையிலோ அதற்கு மேலோ இருப்பார்கள். ஆளைப் பார்த்துச் சொல்ல முடியாது.

புலிமியா என்ற கிரேக்கச் சொல்லுக்கு 'மாட்டுப் பசி' என்று பொருள். நாம் யானைப்பசி என்போம். இலக்கியம் வருவது இங்கேதான். மணிமேகலையில் காயசண்டிகை என்றொரு பெண் வருகிறாள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டுமே உண்ணும் முனிவர் ஒருவரின் நாவற்கனியை அவள் மிதித்துவிட, எவ்வளவு உண்டாலும் அடங்காத யானைத்தீ என்னும் பசிநோய் அவளைப் பற்றுகிறது. எல்லா நோயும் நம் இலக்கியத்தில் அன்றே இருந்தது என்று நிறுவுவது என் நோக்கமன்று. அப்படி எழுதும் கட்டுரைகளை நம் ஆண்டிதழில் போதுமான அளவு படித்துவிட்டோம். எனக்கு வேறொன்று பட்டது. அடங்காப் பசி உள்ளவளைப் பார்த்து 'உனக்கு நாவடக்கம் இல்லை' என்று அக்காப்பியம் சொல்லவில்லை. அவளை நோயுற்றவளாகவே காட்டுகிறது. நான் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை.

பட்டினி செய்யும் வேலை

மன உறுதி இல்லாதவர்கள்தாம் உணவிடம் தோற்கிறார்கள் என்று நினைப்பவர்கள் மின்னசோட்டா ஆய்வைத் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டம். ஐரோப்பாவில் பட்டினி கிடக்கும் மக்களை எப்படி மீட்டெடுப்பது என்று யாருக்கும் சரிவரத் தெரியவில்லை. அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர் 1944 நவம்பரில் ஓர் ஆய்வைத் தொடங்கினார். மனச்சான்றின்படி ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். உடலும் உள்ளமும் நலமாக உள்ளவர்கள் என்று சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்; எல்லாரும் ஆண்கள். 24 வாரங்கள் அவர்களுக்கு அரை வயிற்று உணவு. உருளைக்கிழங்கு, ரொட்டி, மக்ரோனி. எடையில் ஏறக்குறைய கால்பங்கு குறைந்தது.

எடை குறைந்ததில் வியப்பில்லை. மனம் மாறிய விதம்தான் வியப்பு. அரசியலும் கொள்கையும் பேசிக்கொண்டிருந்தவர்கள் சாப்பாட்டைத் தவிர வேறெதையும் பேசாமல் போனார்கள். சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துக் கதைப்புத்தகம் போலப் படித்தார்கள். ஒரு தட்டு உணவை மணிக்கணக்கில் பிசைந்து பிசைந்து உண்டார்கள். எரிச்சல், சோர்வு, தனிமை விருப்பம். சிலர் விதியை மீறி ஒளிந்து தின்றுவிட்டுக் குற்றவுணர்வில் உடைந்து போனார்கள். ஆய்வு முடிந்து வேண்டிய அளவு உணவு கிடைத்த பிறகும் வயிறு நிறைந்த உணர்வு சிலருக்குத் திரும்பவில்லை. உடல்நலம் கெடும் வரை உண்டார்கள். கீஸ் குழுவினரின் அறிக்கை 1950-இல் இரண்டு தடித்த தொகுதிகளாக வெளிவந்தது.

இதைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. இரவு இரண்டு மணிக்குச் சமையல் காணொளிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். எனக்கு ஏதோ ஒழுக்கக் குறைவு என்று நினைத்திருந்தேன். பட்டினி போட்டால் யாருடைய மூளையும் இதைத்தான் செய்யும் போலிருக்கிறது. கடுமையான உணவுக் கட்டுப்பாடுதான் பல வேளைகளில் அளவுமீறி உண்பதற்கு வாசலைத் திறக்கிறது. மரபணுவுக்கும் இதில் பங்குண்டு என்று இரட்டையர் ஆய்வுகள் காட்டுகின்றன. அதனால்தான் ஒரே அறையில் மூவர் டயட் இருந்தால் ஒருத்தி மட்டும் இந்தக் குழிக்குள் விழுகிறாள்.

சுற்றுச்சூழலையும் விட்டுவிட முடியாது. பிஜித் தீவின் நட்ரோகா பகுதிக்குத் தொலைக்காட்சி 1995-இல்தான் வந்தது. அங்குள்ள பிஜிய இனப் பதின்மப் பெண்களை ஏன் பெக்கர் என்ற ஆய்வாளர் அவ்வாண்டும், பிறகு 1998-லும் ஆராய்ந்தார். உண்ணல் கோளாற்றைச் சுட்டும் மதிப்பெண் பெற்றவர்கள் 12.7 விழுக்காட்டிலிருந்து 29.2 விழுக்காடாகக் கூடியிருந்தார்கள். கொழுத்த உடலைப் போற்றிய சமூகம் அது! 'நன்றாகச் சாப்பிடு' என்று ஊட்டிவிடும் நம் சமூகத்துக்கு இதெல்லாம் வராது என்று சொல்வோர் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

கேஸ்ட்ரிக்

2020-இல் நான் ஐந்தாம் படிவம். நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையால் பள்ளி வீட்டுக்கு வந்துவிட்டது. நாள் முழுவதும் திரையின் மூலையில் என் முகம் எனக்கே தெரிந்தது. வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர், 'பொண்ணு நல்லா பூசணிக்கா மாதிரி ஆயிட்டாளே!' என்று சிரித்தார். எல்லாரும் சிரித்தோம்; நானும் சிரித்தேன். மறுநாள் காலை பசியாறவில்லை.

மூன்று மாதத்தில் பாராட்டு மழை. எஸ்.பி.எம். தேர்வுக்குக்கூட எனக்கு அவ்வளவு பாராட்டுக் கிடைத்ததில்லை. இடையில் தைப்பூசம் வந்தது; 48 நாள் விரதம் என்றேன். அம்மாவுக்குப் பெருமை. விரதத்துக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு, முடிந்த பின் எல்லாரோடும் உட்கார்ந்து உண்ணும் பந்தியும் உண்டு. என் விரதத்துக்கு இவை எதுவும் இல்லை. அம்மாவிடம் முருகன் பெயரைச் சொல்லி ஏமாற்றியது இன்னும் உறுத்துகிறது.

பல்கலைக்கழகம் வந்த பிறகு நிலைமை தலைகீழானது. பகலெல்லாம் பட்டினி, கலை இரவுக்கான நடனப் பயிற்சி முடிந்து அறைக்கு வந்தால் என்னை என்னால் நிறுத்த முடியவில்லை. தீபாவளிக்கு அம்மா அறைத்தோழிகளுக்கென்று கொடுத்தனுப்பிய முறுக்கு டின்னை ஓர் இரவில், விளக்கைப் போடாமல், காலி செய்தேன். சுவை தெரியவில்லை. அதன் பிறகு நடந்ததை இங்கே விவரிக்கப் போவதில்லை. விவரங்களைப் படித்துப் பின்பற்றுவோர் உண்டு என்பதை அறிவேன், நானும் அப்படித்தான் கற்றுக்கொண்டேன்.

யாராவது கேட்டால் சொல்ல நமக்கொரு மந்திரச் சொல் இருக்கிறதே: கேஸ்ட்ரிக். சாப்பிடவில்லையா? கேஸ்ட்ரிக். சாப்பிட்டதும் ஓடினாயா? கேஸ்ட்ரிக். மயக்கமா? கேஸ்ட்ரிக். ஒத்திகையில் மயங்கி விழுந்தபோது முதலில் பார்த்த கிளினிக்கிலும் அதையே சொன்னேன். மருந்தும் அதற்கே கொடுத்தார்கள். இரண்டாம் முறை விழுந்தபோது வேறோர் இடத்தில் இரத்தம் எடுத்தார்கள். பொட்டாசியம் குறைந்திருந்தது. அந்த உப்பு குறைந்தால் இதயத் துடிப்பு தடுமாறும். நின்றும் போகலாம் என்று மருத்துவர் அமைதியாகச் சொன்னார். பாடகி கேரன் கார்ப்பென்டர் 1983-இல் 32 வயதில் இறந்தது அனோரெக்சியாவால் இதயம் பழுதடைந்துதான் என்று பின்னால் படித்தேன்.

அன்றிரவு என் அறைத்தோழி பேசினாள். கெடாக்காரி; எதையும் சுற்றி வளைக்காதவள். "முறுக்கு டின்னு காலியானது எனக்குத் தெரியும் லா. அதுக்காகக் கேக்கல. நீ ராத்திரி தூங்கறதே இல்ல, பாத்ரூம்ல அழுவுற. எனக்குப் பயமா இருக்கு. நாளைக்குக் கவுன்சலிங் யூனிட்டுக்குப் போவோம், நானும் கூட வர்றேன்." அவ்வளவுதான். எடையைப் பற்றி ஒரு சொல் இல்லை. 'ஒழுங்கா சாப்பிடு' என்ற அறிவுரை இல்லை. தான் கண்ணால் பார்த்ததைச் சொன்னாள், தன் பயத்தைச் சொன்னாள், கூட வந்தாள். இப்படிப்பட்ட நிலையில் உள்ள ஒருவரிடம் எப்படிப் பேசுவது என்று யாரேனும் கேட்டால் அவள் பேசியதையே சொல்வேன்.

எந்த மொழியில் சொல்வது?

ஆலோசகர் மலாய்க்காரப் பெண்மணி. நான் தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு படித்து, பிறகு தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனவள். என் மலாய் தேர்வு எழுதும் மலாய். கட்டுரைக்குப் பழமொழி போடத் தெரியும், அழுதுகொண்டே பேசத் தெரியாது. "சாயா அடா மாசாலா மாக்கான்" என்று தொடங்கினேன். உண்பதில் எனக்குச் சிக்கல் இருக்கிறது என்று பொருள். வெளியே காத்திருந்த கெடாக்காரிக்கு 'மசாலா' மட்டும் காதில் விழுந்ததாம். இன்றுவரை கேலி செய்கிறாள்.

அதற்கு மேல் சொல் வரவில்லை. தமிழில் எப்படிச் சொல்வாய் என்று அவர் கேட்டார். யோசித்தேன். 'சாப்பிடுகிறேன்' என்று சொல்ல வரவில்லை. 'தின்கிறேன்' என்றுதான் வந்தது. இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டார். ஏட்டுத் தமிழில் தின்பது தவறான சொல்லன்று. பழந்தமிழில் அதற்கு இழிவு இல்லை. நம் வீட்டுப் பேச்சிலோ மற்றவர்கள் சாப்பிடுவார்கள், மாடு தின்னும், கோபம் வந்தால் நாமும் தின்போம். 'தின்னுட்டுத் தின்னுட்டுத் தூங்கு' என்பதை எத்தனை வீடுகளில் கேட்டிருக்கிறோம்! இதையெல்லாம் என் அரைகுறை மலாயில் விளக்கினேன். அவர் சற்று யோசித்து, "மெலாந்தாக்?" என்றார். அளவின்றி விழுங்குவதற்கு மலாயில் உள்ள கொச்சைச் சொல் அது. இருவரும் சிரித்துவிட்டோம். நான்கு ஆண்டுகளில் இதைப் பற்றிச் சிரித்தது அதுவே முதல் தடவை. "சரி, இங்கே வரும்போது எல்லாவற்றுக்கும் சாப்பிடுவது என்றே சொல்லுங்கள்; எவ்வளவு சாப்பிட்டாலும் சரி" என்றார்.

ஆலோசகரைப் பார்ப்பதற்கு நம்மவர்கள் தயங்கும் முதல் காரணம், வெளியே சொல்லிவிடுவார்களோ என்ற அச்சம். நம் நாட்டில் 1998-ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்படி பதிவு பெற்றவர்களே இப்பணியைச் செய்யலாம். அவர்கள் பெயருக்குப் பின்னால் கே.பி., பி.ஏ. என்றிருக்கும். இந்த பி.ஏ. நம் பட்டமன்று, தொழில் நடத்துவதற்கான சான்றிதழ். நாம் சொல்வதை மறைவாக வைத்திருப்பது அவர்கள் கடமை. உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் மட்டும் பிறரிடம் சொல்ல வேண்டியிருக்கும். அதையும் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட்டார்.

இதை மருத்துவமனையோடு சேர்ந்துதான் பார்க்க வேண்டும் என்று அவர் பரிந்துரைக் கடிதம் கொடுத்தார். மனநல மருத்துவப் பிரிவு என்ற பெயர்ப்பலகையைப் பார்த்ததும் நான் திரும்பி நடந்தது உண்மை. பிறகுதான் போனேன். மனநல மருத்துவர், உளவியலாளர், உணவியல் நிபுணர் என்று மூவர். அடிக்கடி இரத்தப் பரிசோதனை. எனக்குக் கொடுக்கப்பட்டது எண்ணமும் நடத்தையும் சார்ந்த பேச்சுச் சிகிச்சை. புலிமியாவுக்கு இதன் வழக்கமான அளவு வாரம் ஒருமுறையாக ஏறத்தாழ 20 சந்திப்புகள். முதல் வேலையே எனக்கு அதிர்ச்சி: மூன்று வேளை உணவு, இடையே சிற்றுண்டி, நான்கு மணி நேரத்துக்கு மேல் வயிறு காலியாக இருக்கக் கூடாது. குறைக்கச் சொல்வார்கள் என்று போனவளைச் சாப்பிடச் சொன்னார்கள்! பகல் பட்டினி நின்றதும் இரவு வெறி தானாகத் தளர்ந்தது. என்ன சாப்பிட்டேன், எங்கே, எந்த மனநிலையில் என்று ஒரு குறிப்பேட்டில் எழுத வேண்டும். தமிழில் எழுதி, மலாயில் வாசித்துக் காட்டினேன். சிலருக்கு மருந்தும் தருவார்கள். வீட்டிலிருக்கும் பதின்ம வயதினருக்கு அனோரெக்சியா என்றால் பெற்றோரையே சிகிச்சையில் சேர்த்துக்கொள்ளும் முறையும் உண்டு. அறவே உண்ணாமல் மெலிந்து போனவருக்கு வீட்டிலேயே திடீரென்று நிறைய ஊட்டிவிடுவது ஆபத்து. இரத்தத்தில் உள்ள உப்புகள் நிலைகுலையும். நம் அம்மாக்களின் முதல் எண்ணம் அதுவாகத்தான் இருக்கும் என்பதால் குறிப்பிடுகிறேன்.

அம்மாவிடம் சொன்னதுதான் எல்லாவற்றிலும் கடினம். கண் பட்டுவிட்டது என்று முதலில் கோயிலுக்கு அழைத்துப் போய்க் கயிறு கட்டினார். நான் தடுக்கவில்லை, கயிறும் இருக்கட்டும், மருத்துவமனைத் தேதியும் இருக்கட்டும் என்றேன். காரில் திரும்பும்போது கேட்டார்: "நான் சமைச்சது புடிக்கலையாம்மா?" அதற்கு விடை சொல்ல எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. பிறகு ஒருநாள் உளவியலாளரைப் பார்க்க அவரையும் அழைத்துப் போனேன்.

உங்களுக்கு ஐயம் இருந்தால் 1999-இல் பிரிட்டிஷ் மருத்துவர்கள் வகுத்த ஐந்து கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம். வயிறு அளவுக்கு மீறி நிறைந்துவிட்டதென்று வாந்தியை வரவழைக்கிறீர்களா? எவ்வளவு உண்கிறோம் என்பதில் கட்டுப்பாடு இழந்துவிட்டதாகக் கவலையா? மூன்று மாதத்தில் 6 கிலோவுக்கு மேல் எடை இழந்தீர்களா? மற்றவர்கள் மெலிவு என்கையில் நீங்கள் மட்டும் பருமன் என்று நம்புகிறீர்களா? உணவு உங்கள் வாழ்க்கையை ஆள்கிறதா? இரண்டுக்கு 'ஆம்' வந்தாலே மருத்துவரைப் பார்ப்பது நல்லது. எனக்கு நான்கு. உடற்பயிற்சிக் கூடமே கதியென்று கிடக்கும் தம்பிமார்களே, இது பெண்பிள்ளைகள் சமாச்சாரம் என்று பக்கத்தைப் புரட்டாதீர்கள். மின்னசோட்டாவின் 36 பேரும் ஆண்கள்தாம்.

வளாகத்து ஆலோசனைப் பிரிவு மாணவர்க்கு இலவசம். அங்குப் போக மனமில்லாதவர்கள் அரசாங்கச் சுகாதார கிளினிக்குக்குப் போகலாம். குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் 1 ரிங்கிட். அங்கிருந்தே மருத்துவமனைக்குப் பரிந்துரைப்பார்கள். சுகாதார அமைச்சு 2022-இல் தொடங்கிய மனநல உதவித் தொலைபேசி 15555. நள்ளிரவில் யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் 1970 முதல் இயங்கிவரும் கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ், 03-7627 2929. மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, இரத்த வாந்தி என்றால் தொலைபேசியெல்லாம் வேண்டாம். நேரே அவசரப் பிரிவு. அங்கே போய்க் 'கேஸ்ட்ரிக்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

முற்றும் குணமாகிவிட்டேன் என்று எழுத ஆசைதான். தேர்வு வாரங்களில் இன்னும் வழுக்குகிறேன். கடந்த பருவத்தில் இருமுறை. குறிப்பேட்டில் எழுதிக் காட்டினேன். அடுத்த வேளை உணவைத் தவிர்க்காமல் உண்டீர்களா என்று மட்டும் உளவியலாளர் கேட்டார். உண்டேன். கலை இரவில் இவ்வாண்டு ஆடவில்லை, ஒளியமைப்பைப் பார்த்துக்கொண்டேன்.

தீபாவளிக்கு அம்மா மறுபடியும் முறுக்கு டின் கொடுத்தனுப்பினார். இம்முறை அதை மேசை மேல் திறந்தே வைத்திருக்கிறோம். கெடாக்காரி வரும்போதும் போகும்போதும் எடுக்கிறாள், நானும் எடுக்கிறேன். இதை எழுதும்போது பாதி டின் மிச்சமிருக்கிறது.